கிளீனர் கையில் ஸ்டியரிங்

ராத்திரி லாரியில் டிரைவருக்கு இடப்பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கிளீனர். அவருடைய வேலை என்னவென்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. இடப்பக்கம் டூவீலர் நுழைந்தால் கையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டுவார். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பின்னால் போய் ‘வா, வா, வா... ஹோல்டான்’ என்று குரல் கொடுப்பார். மேட்டில் நின்றால் டயருக்குக் கட்டை போடுவார். இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. நள்ளிரவு தாண்டியபின் டிரைவரோடு பேசிக்கொண்டே வருவது. ஊர்க்கதை, சினிமா, ஓனரைப் பற்றிய வசவு, எதுவானாலும் சரி. அவர் கண் சொருகுகிற மாதிரி தெரிந்தால், "அண்ணே, ஒரு டீ அடிச்சிட்டுப் போலாம்ணே" என்பார்.

டிரைவர் வண்டியை ஓட்டுகிறார். கிளீனர் டிரைவரைப் பார்த்துக்கொள்கிறார். வண்டிக்குள் ‘உதவி’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியாது.

இப்போது பதினைந்து இருபது லட்ச ரூபாய்க் கார்களில் ‘அடாஸ்’ என்று ஒன்று வருகிறது. அட்வான்ஸ்டு டிரைவர் அசிஸ்டன்ஸ் சிஸ்டம். கேமரா, ரேடார், கொஞ்சம் கணினி மூளை, நிறைய ‘டிங் டிங்’. என் சண்டை இந்தத் தொழில்நுட்பத்தோடு இல்லை. இதில் பாதி அற்புதமான விஷயம். சண்டை, ஒரே மூட்டைக்குள் நேர் எதிரான இரண்டு சரக்குகளைக் கட்டி ஒரே பெயரில் விற்பதோடு. ஒரு சரக்கில் நீங்கள் ஓட்டுகிறீர்கள், இயந்திரம் உங்களைப் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்றில் இயந்திரம் ஓட்டுகிறது, நீங்கள் அதைப் பார்த்துக்கொள்கிறீர்கள். முதலாவது உயிரைக் காப்பாற்றுகிறது. இரண்டாவதுதான் விளம்பரத்தில் வருகிறது.

முதல் சரக்கில் என்னென்ன? முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்று, நீங்கள் கவனிக்காவிட்டால், தானே பிரேக் போடும் ஏஇபி. கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் பைக் வந்தால் விளக்கைக் காட்டும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை. லேன் தாண்டினால் அதிரும் ஸ்டியரிங். தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடித்துக் காபிக் கோப்பையைத் திரையில் காட்டும் கேமரா. எல்லாமே கிளீனர் வேலை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு உண்மையான விபத்துப் பதிவுகளை அலசியது. எச்சரிக்கையும் ஏஇபியும் சேர்ந்துள்ள கார்கள் முன்வண்டியின் பின்னால் போய் இடிக்கும் விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. பாதி என்பது சாதாரண எண் இல்லை.

இரண்டாவது சரக்கில் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். லேன் சென்டரிங் வண்டியைக் கோடுகளுக்கு நடுவே பிடித்து வைக்கும். இரண்டும் ஒன்றாக ஓடினால் அதற்கு ‘லெவல் 2’ என்று பெயர். (5-க்கு 2 மார்க் என்று எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.) எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கம் 2014-இல் வகுத்த அந்தத் தரவரிசைப்படி, லெவல் 2-இல் கார் எவ்வளவு அழகாக ஓடினாலும் டிரைவர் நீங்கள்தான். ஒவ்வொரு நொடியும். இந்தச் சரக்கால் விபத்து குறைகிறதா? 2024-இல் அதே ஐஐஎச்எஸ் ஆராய்ந்து சொன்னது, அப்படி நம்பும்படியான ஆதாரம் இல்லை என்பது. அது வசதிக்கான அம்சம், பாதுகாப்புக்கானது அல்ல என்றார்கள். அதே ஆண்டு 14 பாதித்-தானியங்கி அமைப்புகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். டிரைவரின் கவனத்தைக் கண்காணிக்கிறதா, ஏமாற்றினால் கண்டுபிடிக்கிறதா என்பதுதான் சோதனை. 11 அமைப்புகளுக்கு ‘மோசம்’. ‘ஏற்கத்தக்கது’ என்ற சான்று ஒரே ஒரு லெக்சஸ் மாடலுக்குத்தான் கிடைத்தது. ‘நன்று’ யாருக்கும் இல்லை.

ஏன் இப்படி? பார்த்துக்கொண்டிருப்பது ஓட்டுவதைவிடக் கஷ்டம், அதனால்தான்.

கேட்கும்போது அபத்தமாகத் தோன்றும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் ஆட்களுக்கு வேலை திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும்தான். எதிரி நீர்மூழ்கியின் அடையாளம் திரையில் வரும், அவர்கள் தவறவிடுவார்கள். சோம்பேறிகள் இல்லை, உயிர் போகிற வேலை என்று தெரிந்தவர்கள். நார்மன் மெக்வொர்த் என்ற உளவியலாளர் இதை ஆராய ஒரு கடிகாரம் செய்தார். முள் நொடிக்கு ஒரு படி நகரும், எப்போதாவது இரண்டு படி தாவும். தாவும்போது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்திலேயே ஆட்கள் தாவல்களைத் தவறவிடுவது கூடிவிட்டது. 1948-இல் வந்த அந்த முடிவை இதுவரை எந்த சாஃப்ட்வேர் அப்டேட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டியது மனித மூளையை.

1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் ‘தானியக்கத்தின் முரண்நகைகள்’ என்ற பொருளில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சில பக்கம்தான். பொறியாளர், மனிதனை நம்ப முடியாது என்று சொல்லி வேலையைத் தானியங்கியாக்குகிறார். ஆனால் தன்னால் முடிந்த சுலபமான பகுதியை மட்டும். முடியாத, கஷ்டமான பகுதியை அதே நம்பமுடியாத மனிதனிடமே விட்டுவிடுகிறார். மனிதனோ பழக்கம் விட்டுப்போய் மழுங்கிக் கிடக்கிறான். அவனைத்தான் ஆபத்தின் உச்சத்தில் எழுப்பி ‘இந்தா, பிடி’ என்கிறது இயந்திரம். கார் விற்பவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கட்டுரையைப் பத்து முறை எழுதிப்பார்க்க வேண்டும் என்று இம்போசிஷன் கொடுப்பேன், எனக்கு அதிகாரம் இருந்தால்.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேலே ஏர் பிரான்ஸ் 447-இல் வேகமானியின் குழாய்கள் பனியில் அடைத்து ஆட்டோபைலட் விலகியபோது, பயிற்சி பெற்ற விமானிகளுக்குச் சுமார் நாலேகால் நிமிடம் இருந்தது. அதற்குள் என்ன நடக்கிறது என்று அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. 228 பேர் இறந்தார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் நகர்கிறது. காரில் உங்களுக்கு நிமிடக் கணக்கே கிடையாது.

அந்த ‘ஆட்டோபைலட்’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1914 ஜூனில் பாரிஸ் அருகே சேன் நதிமேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர் சுழல்காட்டி பொருத்திய விமானத்தை ஓட்டிக் காட்டினார். கூட்டத்தைக் கடக்கும்போது இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். மெக்கானிக் இறக்கைமேல் நடந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது, பரிசும் கிடைத்தது. அதாவது ஆட்டோபைலட் பிறந்த அன்றே அது ஒரு விளம்பரம், கைகளைத் தூக்கிக் காட்டும் விளம்பரம். நூறு வருஷம் கழித்து இன்ஸ்டா ரீல்ஸில் நம்ம பசங்க ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து காட்டுவது அதே காட்சிதான். ஒரு வித்தியாசம்: நதிக்கு மேலே ஸ்பெர்ரிக்குக் குறுக்கே டவுன் பஸ் வராது.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். 2019-இல் ஐஐஎச்எஸ் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவர்களிடம் வெறும் பெயர்களை மட்டும் சொல்லிக் கேட்டது. ‘ஆட்டோபைலட்’ என்றால் கையை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று 48 சதவீதம் பேர் நினைத்தார்கள். மற்ற கம்பெனிகளின் பெயர்களுக்கு அந்த அளவு வரவில்லை. டெஸ்லா அதோடு நிற்கவில்லை. ‘முழுத் தானோட்டம்’ என்று பொருள்படும் இன்னொன்றையும் விற்றது. 2024-இல் அதன் வாலில் ‘மேற்பார்வையில்’ என்று ஒட்டவைத்தது. முழுசாகத் தானே ஓடும், ஆனால் மேற்பார்வை வேண்டும்! சர்க்கரை போடாத அல்வா என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சர்க்கரையுடன்’ என்று போட்டதுபோல.

இதில் செத்துப்போனவர்களைப் பார்ப்போம். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பே நகரில் ஊபரின் சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த எலைன் ஹெர்ஸ்பெர்க் என்ற பெண்ணை இடித்துக் கொன்றது. அது கடையில் விற்கும் அடாஸ் கார் இல்லை, தானோட்டச் சோதனைக் கார். ஆனால் உள்ளே இருந்த மனிதருக்குக் கொடுக்கப்பட்ட வேலை லெவல் 2 டிரைவரின் அதே வேலைதான்: சும்மா உட்கார், பார், தப்பு நடந்தால் பிடி. விசாரணை அறிக்கையில் வருவதைக் கேளுங்கள். மோதலுக்கு 5.6 நொடி முன்பே சென்சார் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் என்ன என்று முடிவு செய்ய முடியவில்லை. வண்டி என்றது, வேறேதோ என்றது, சைக்கிள் என்றது, மாறிமாறி. ஜீப்ரா கோட்டுக்கு வெளியே மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்ற எண்ணமே அந்த மென்பொருளுக்குள் இல்லை. அந்த வோல்வோ காரில் கம்பெனியே பொருத்திய அவசர பிரேக் இருந்தது. ஊபரின் கணினி ஓட்டும்போது அது வேலை செய்யாதபடி அணைத்து வைத்திருந்தார்கள். இன்னொன்று: முன்பு இந்தக் கார்களில் இரண்டு பேர் போவார்கள். 2017-இல் ஒருவராகக் குறைத்தார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால், இருந்த இரண்டு கிளீனரையும் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

உள்ளே இருந்தவர் போனில் டிவி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அது தப்புதான். 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். ஊபர்மீது குற்றவழக்குத் தொடர முகாந்திரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019-லேயே சொல்லிவிட்டார். இந்தக் கணக்கைத்தான் நான் எதிர்க்கிறேன். வண்டி நன்றாக ஓடினால் பெருமை மென்பொருளுக்கு, இடித்தால் கேஸ் சீட்டில் இருந்தவர்மேல். மனித மூளையால் செய்ய முடியாத ஒரு வேலையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, செய்யவில்லை என்று அவரைத் தண்டிப்பது.

இந்தக் கணக்கு இப்போதுதான் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 2019-இல் புளோரிடாவில் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்த ஒரு டெஸ்லா டிரைவர், ஓரமாக நின்ற காரை இடித்து, பக்கத்தில் நின்ற 22 வயதுப் பெண்ணைக் கொன்றார். 2025 ஆகஸ்டில் மயாமி ஜூரி பழியில் 33 சதவீதம் டெஸ்லாவுடையது என்றது. இழப்பீடும் தண்டத்தொகையுமாக டெஸ்லாவின் பங்கு மட்டும் சுமார் 24 கோடி டாலர். சீனாவில் 2025 மார்ச்சில் ஷாவ்மி எஸ்யூ7 கார் ஒன்று 116 கிலோமீட்டர் வேகத்தில் தானே போய்க்கொண்டிருந்தது. சாலைப் பணிக்காக மறித்திருந்த இடத்தில் எச்சரிக்கை கொடுத்தது. கைமாற்றத்துக்குச் சில நொடிகளே இருந்தன. கான்கிரீட் தடுப்பில் மோதி மூன்று மாணவிகள் இறந்தார்கள். அடுத்த மாதமே சீன அரசு, விளம்பரங்களில் ‘தானோட்டம்’ போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனிகளைக் கூப்பிட்டுச் சொன்னது. சீன அரசைப் பாராட்ட எனக்குக் காரணங்கள் அதிகம் கிடையாது. இது ஒன்று.

சரி, நம்ம ரோட்டுக்கு வருவோம்.

விழுப்புரம், கடலூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் பருவத்தில் இரவில் போயிருக்கிறீர்களா? டிராக்டர் டிரெய்லரின் இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்கி நிற்கும். பின்விளக்கு இருந்தாலும் கரும்புக்குள் புதைந்திருக்கும். நான்குவழிச் சாலையில் பிரேக்டவுன் ஆன லாரி இடது லேனிலேயே நிற்கும், பின்னால் எச்சரிக்கைக்கு நாலு கல்லும் ஒடித்துப் போட்ட ஒரு மரக்கிளையும். அந்த மரக்கிளையின் அர்த்தம் நமக்குத் தெரியும். கேமராவுக்கு அது மரக்கிளை. அதுமட்டுமில்லை, பல அடாப்டிவ் க்ரூஸ் அமைப்புகள் வேகத்தில் போகும்போது ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் பொருளைக் கண்டுகொள்வதில்லை. ஏன்? ரேடாருக்குப் பெயர்ப்பலகை, பாலத்தூண், சென்டர் மீடியன் எல்லாமே அசையாத உலோகங்கள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் ஓட்டவே முடியாது. அதனால் அசையாதவற்றைப் பெரும்பாலும் வடிகட்டித் தள்ளிவிடுவார்கள். அந்த வடிகட்டலில் நம்ம பிரேக்டவுன் லாரியும் போய்விடும். இது கோளாறு இல்லை, வடிவமைப்பு. மேனுவலிலேயே போட்டிருக்கும்.

மீடியன் இடைவெளியில் ராங் சைடில் வரும் பைக், மழையில் மறைந்துபோன லேன் கோடு, பாதி ரோட்டில் காயும் நெல், டோல்கேட்டுக்கு முன்னால் எட்டாகப் பிரியும் இரண்டு லேன். ஒவ்வொன்றிலும் லேன் சென்டரிங் ஒன்று தவறாகப் புரிந்துகொள்ளும், அல்லது சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும். சத்தமில்லாமல் விலகுவதுதான் பயங்கரம். திரையில் பச்சையாக இருந்த சின்ன ஸ்டியரிங் படம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். நீங்கள் அப்போது ஸ்பாட்டிஃபையில் பாட்டு மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் எப்போதும் குறுக்கிடுவார்: "மனுஷன் மட்டும் ஒழுங்கா ஓட்டுறானா ப்ரோ?" இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. அதனால்தான் சொல்கிறேன், முதல் சரக்கு எல்லா வண்டியிலும் வர வேண்டும், முதலில் லாரியிலும் பஸ்ஸிலும். ஆனால் இங்கே நடப்பதென்ன? பெரும்பாலான மாடல்களில் ஏஇபி டாப் வேரியன்ட்டில்தான் கிடைக்கும். பனோரமிக் சன்ரூஃப், காற்றடிக்கும் சீட், பிறகு அடாஸ். உயிர்காக்கும் பிரேக்கை ஊறுகாய்போல ஓரத்தில் வைத்துச் சன்ரூஃபோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது வியாபாரத் தந்திரம், பாதுகாப்புக் கொள்கை அல்ல.

அந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்துபோனவர்கள். அதாவது நூறில் 64 பேர் எந்தக் காருக்குள்ளும் இல்லை. உங்கள் காரின் கேமரா யாரைச் சரியாகப் பார்க்க வேண்டுமோ அவர்கள். பாதசாரிகளைக் கண்டு பிரேக் போடும் ஏஇபி பகலில் பயன் தருகிறது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் அதனால் வித்தியாசமே தெரியவில்லை என்று 2022-இல் ஐஐஎச்எஸ் கண்டது. 2025-இல் இன்னொரு சோதனை: ஒளிரும் பட்டை அணிந்த பொம்மையை இருட்டில் நிறுத்தினார்கள். மூன்று கார்களில் இரண்டு, சில சமயம் வேகத்தைக்கூடக் குறைக்காமல், இடித்தன. மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சாலைப் பணியாளர் அணியும் அதே பட்டை.

ஆகவே வைத்திருப்பவர்களுக்கு: ஏஇபி, பிளைண்ட் ஸ்பாட், தூக்க எச்சரிக்கை மூன்றையும் ‘தொல்லை’ என்று அணைக்காதீர்கள். அது திட்டும்போது எரிச்சல் வரும், கிளீனர் கதவைத் தட்டினாலும் வரும். லேன் சென்டரிங்கை மீடியன் இல்லாத ரோட்டிலும் ஊருக்குள்ளும் மழையிலும் அணைத்துவிடுங்கள். க்ரூஸில் முன்வண்டி இடைவெளியை அதிகபட்சத்தில் வையுங்கள். இரண்டு பைக் அந்த இடைவெளியில் நுழையும், நுழையட்டும். உங்கள் கார் அதற்குச் சடாரென்று பிரேக் போட்டால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு அடாஸ் கிடையாது, அதனால் கண்ணாடியையும் பாருங்கள். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவமைக்காமல் வண்டியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஸ்டியரிங்கில் தண்ணி பாட்டிலைக் கட்டிச் சென்சாரை ஏமாற்றுபவர் உங்கள் நண்பர் என்றால், அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

புது கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் அந்த மாடலின் மேனுவலைக் கம்பெனி தளத்தில் தேடி இறக்குங்கள், பெரும்பாலும் கிடைக்கும். அடாஸ் அத்தியாயத்தைத் திறந்து, டெஸ்ட் டிரைவுக்கு முன் சேல்ஸ் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள். ‘இந்தச் சூழலில் இயங்காமல் போகலாம்’ என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று இரண்டு பேரும் எண்ணுங்கள். பதினைந்தைத் தாண்டுவதற்குள் அவர், "சார், அதை விடுங்க, இதைப் பாருங்க" என்று சன்ரூஃபைத் திறந்திருப்பார்.